சுமப்பது யார், சுழல்வது யார்?

திருமங்கலத்தில் தொடங்கிக் கொல்லம் வரை போகிறது ஒரு தேசிய நெடுஞ்சாலை. கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மூன்றும் அதன் மேலேயே இருக்கின்றன. பக்கத்து ஊரான சுந்தரபாண்டியத்துப் பிள்ளைகள் மதுரைக்குப் போவதென்றால் கிருஷ்ணன்கோவிலுக்கு வந்து அந்தச் சாலையைப் பிடிக்கலாம். அடுத்த முறை போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள். பழுதாகி ஓரங்கட்டிய லாரி ஏதாவது கண்ணில் படும்.

லாரி நிறையப் பஞ்சுப் பொதி. மெக்கானிக் பின் சக்கரத்தின் நடுவில் வட்டமாக இருக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். நடுவில் இருக்கும் தட்டைத் தட்டி இழுக்கிறார். அதோடு சேர்ந்து கனத்த இரும்புத் தண்டு ஒன்று, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு, எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே வருகிறது. அதற்குப் பெயர் ஆக்சில் ஷாஃப்ட். என்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அதுதான். அதையே உருவிவிட்டார்கள். ஆனாலும் லாரி சாயவில்லை. ஜாக்கி வைக்கவில்லை, சக்கரத்தைக் கழற்றவில்லை, மேலே இருக்கும் பொதியும் இறங்கவில்லை.

பழைய ஜீப்பின் பின் சக்கரத்தில் இந்த வித்தை நடக்காது. அங்கே சக்கரம் மாட்டியிருப்பதே ஷாஃப்டின் நுனியில்தான். ஷாஃப்டை உருவினால் சக்கரத்துக்குப் பிடிமானமே இல்லை. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினால்தான் தொடவே முடியும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அது தெரிந்துவிட்டால், பாறையிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்று ஜீப் கட்டுகிறவர்கள் எதற்காகக் காயலாங்கடை காயலாங்கடையாக அலைகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு மாட்டு வண்டியைப் பார்த்துவிட்டு வரலாம்.

வத்திராயிருப்பு நெல் விளையும் ஊர். டிராக்டர் வருவதற்கு முன்னால் அத்தனை நெல்லும் மாட்டு வண்டியில்தான் போயிற்று. வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் உருண்டைக் கட்டைக்குக் குடம் என்று பெயர். குடத்திலிருந்து ஆரக்கால்கள் கிளம்பி வட்டையில் போய்ச் செருகும். வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டா. குடத்தின் துளை வழியாக அச்சு வெளியே வரும். சக்கரம் கழன்று ஓடாமலிருக்க அச்சின் நுனியில் கடையாணி. வீட்டுத் தாத்தாவைக் கேட்டால் இன்னும் பத்துப் பெயர் சொல்வார்.

இதில் சுழல்வது எது? சக்கரம் மட்டும். அச்சு வண்டியோடு சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டது, அது அசையாது. அச்சின் மேல் குடம் உரசிக்கொண்டு சுற்றும். அந்த உரசலைக் குறைக்கத்தான் வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போடுவார்கள். ஆண்டாள் கோயில் தேர் போன்ற பெரிய மரத் தேர்களின் பழைய சக்கரங்களும் இப்படி அச்சின் மேல் சுற்றியவைதாம்.

இப்போது நொங்கு வண்டியை எடுங்கள். நொங்கு தின்ற இரண்டு கூந்தலுக்கு நடுவே குச்சியைக் குத்தி, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவோமே, அதேதான். அங்கே குச்சி இரண்டு பக்கமும் இறுக்கமாகக் குத்தியிருக்கிறது. அதனால் நொங்கு சுற்றும்போது குச்சியும் சேர்ந்தே சுற்றுகிறது. கவட்டை மட்டும் சுற்றாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் வந்து நிற்கும் பொதிகை எக்ஸ்பிரஸ் பெட்டிகளின் சக்கரமும் இதே ஜாதி. ரயில் சக்கரம் அச்சில் இறுக்கி ஏற்றப்பட்டது. சக்கரமும் அச்சும் ஒன்றாகவே சுழலும்.

ஆக, அச்சு இரண்டு விதம். சும்மா நின்று சுமப்பது ஒன்று. சுமந்துகொண்டே சுழல்வது இன்னொன்று. சுமை ஒன்றுதானே, சுழன்றால் என்ன, நின்றால் என்ன என்று தோன்றும். நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கட்டுக்கம்பி ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் கட்டும் இடத்தில் சும்மாவே கிடைக்கும். அதை ஒரு தடவை வளைத்து அப்படியே விட்டுவிடுங்கள். உடையாது. இப்போது மேலும் கீழுமாக, மேலும் கீழுமாக வளைத்துக்கொண்டே இருங்கள். ஒரு கட்டத்தில் பட்டென்று இரண்டாகும். கடைசித் தடவை முன்னைவிட அதிக பலம் கொடுக்கவில்லையே? கம்பியை உடைத்தது திரும்பத் திரும்ப வளைத்ததுதான். உலோகச் சோர்வு என்று இதற்குப் பெயர்.

சுமையோடு சுழலும் அச்சுக்கு இதுதான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். வண்டி நடுவில் அழுத்துகிறது, தரை சக்கரத்தை மேலே தள்ளுகிறது. அதனால் அச்சு துளியூண்டு வளைகிறது. அடிப்பக்கம் இழுபடுகிறது, மேல்பக்கம் அமுங்குகிறது. அச்சு நிலையாக இருந்தால் அடிப்பக்கம் எப்போதும் அடிப்பக்கம்தான், இழுபட்டபடியே கிடக்கும். அச்சு சுழன்றால்? அரைச் சுற்றில் அடிப்பக்கம் மேலே போய்விடும். இழுபட்ட இடம் அமுங்கும். அடுத்த அரைச் சுற்றில் மறுபடி இழுபடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முன்னும் பின்னும் வளைத்த கணக்கு.

எத்தனை முறை என்று போட்டுப் பார்ப்போம். பழைய ஜீப் டயரின் குறுக்களவு சுமார் 72 சென்டிமீட்டர். சுற்றளவு இரண்டேகால் மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 450 சுற்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் 33,000 சுற்றுக்கு மேல் ஆகிவிடும். தினமும் போய்வந்தால் ஒரே மாதத்தில் 20 லட்சம். உங்கள் கட்டுக்கம்பி இருபது தாங்கியிருந்தால் அதிசயம்.

இந்தப் பாடத்தை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. 1842-ஆம் ஆண்டு மே 8-ஆம் தேதி, பிரான்சில் வெர்சாய் திருவிழாவைப் பார்த்துவிட்டுக் கூட்டம் ரயிலில் பாரீஸ் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் போன என்ஜினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நல்ல இரும்பு, தாங்க வேண்டிய எடைதான், பிறகு ஏன் முறிந்தது? யாருக்கும் விளங்கவில்லை. நாளாக ஆக இரும்பு உள்ளுக்குள் படிகமாக மாறிவிடுகிறது என்றுகூட அப்போது பேசிக்கொண்டார்கள். மறு ஆண்டு ரேங்கின் என்ற இளம் பொறியாளர் முறிந்த அச்சுகளைப் பற்றி எழுதினார். அச்சின் தடிமன் சட்டென்று மாறும் மூலையில் மயிரிழை விரிசல் தொடங்குகிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வளர்கிறது. மிச்சமிருக்கும் இரும்பு ஒரு நாள் தாங்காமல் போகிறது. மயில் இறகைக்கூட அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னார். அச்சின் எந்த இடத்தில் முறியும் என்பதை ரேங்கின் சொன்னார்!

பிறகு ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் ஒரு எந்திரமே செய்தார். அச்சுத் துண்டுகளைச் சுமையோடு சுழலவிட்டு, எத்தனை சுமைக்கு எத்தனை சுற்றில் முறிகிறது என்று வருடக்கணக்கில் எண்ணினார். இன்று ரயில் அச்சுகளைக் கேளா ஒலி செலுத்திச் சோதிப்பதெல்லாம் அந்த மயிரிழை விரிசலைத் தேடித்தான்.

இனி நம் ஜீப்புக்கு வருவோம்.

ஜீப்பின் பின் ஆக்சிலுக்கு மாட்டு வண்டி அச்சுக்கு இல்லாத ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. வண்டியை மாடு இழுக்கும். சக்கரம் சும்மா உருண்டால் போதும். ஜீப்பில் சக்கரம்தான் வண்டியைத் தள்ள வேண்டும். நடுவில் ஒரு உருண்டை இரும்புப் பானை தெரியுமே, அதற்குள் கிரவுன், பினியன் என்ற பற்சக்கரங்களும், விசையை இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் இருக்கின்றன. அங்கிருந்து இடது பக்கம் ஒரு ஷாஃப்ட், வலது பக்கம் ஒரு ஷாஃப்ட். இரண்டையும் மூடிக்கொண்டு இருக்கும் குழாய்க்கு ஹவுசிங் என்று பெயர். ஹவுசிங் சுழலாது. வண்டியின் பட்டை ஸ்பிரிங் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

பழைய ஜீப்பில் ஹவுசிங்கின் ஓரத்தில் ஒரே ஒரு பேரிங். அதைத் தாண்டி ஷாஃப்ட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டிய நுனியில் ஹப்பும் சக்கரமும். அதாவது வண்டியின் எடை ஹவுசிங், பேரிங், ஷாஃப்ட் நுனி, சக்கரம் என்று இறங்கித் தரைக்குப் போகிறது. ஷாஃப்ட் சக்கரத்தை முறுக்கவும் வேண்டும், வண்டியைச் சுமக்கவும் வேண்டும். சுமந்துகொண்டே சுழலவும் வேண்டும். நொங்கு வண்டிக் குச்சிக்கு வந்த அதே கதி. இதற்கு செமி ஃப்ளோட்டிங் ஆக்சில் என்று பெயர்.

முறுக்கு மட்டும் எவ்வளவு வரும் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் கணக்கு இது. என்ஜின் கொடுக்கும் முறுக்கு விசை 142 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் பதினான்கரை கிலோ தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. முதல் கியர் அதை 2.66 மடங்காக்கும். மேடு ஏறுவதற்கென்று இருக்கும் தாழ் கியர் அதை 1.97 மடங்காக்கும். கிரவுனும் பினியனும் 4.88 மடங்கு. மூன்றையும் பெருக்குங்கள்: 25-க்கு மேல் வருகிறதா? உரசலில் போவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஸ்பேனர் நுனியில் 370 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. இரண்டு ஷாஃப்டும் சேர்ந்தே சுற்றும்படி டிஃபரன்ஷியலைப் பூட்டிய வண்டியில், ஒரு சக்கரம் பாறையிடுக்கில் மாட்டி மற்றச் சக்கரங்களுக்குப் பிடி இல்லாமல் போனால் அந்த முறுக்கில் பெரும்பகுதி ஒரே ஷாஃப்டுக்கு வந்துவிடலாம். அதே சமயம் வண்டியின் பின்பாரமும் சாய்ந்து அதே பக்கம் விழும்.

முறுக்கும் வளைப்பும் ஒன்றல்ல என்பதை வகுப்பறையிலேயே பார்க்கலாம். இரண்டு சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து வளைத்து உடையுங்கள். முறிந்த இடம் ஏறக்குறைய நேராக, குறுக்காக இருக்கும். இன்னொன்றை வளைக்காமல், துணி பிழிவதுபோல் முறுக்கி மட்டும் உடையுங்கள். முறிவு சரிந்து, சுருளாகப் போயிருக்கும். ஆசிரியர் வருவதற்குள் செய்துவிடுங்கள். இரும்பு சாக்பீஸ் அளவுக்கு முறுகலானது இல்லை, அதனால் அதன் முறிவு வேறு மாதிரி இருக்கும். ஆனால் அனுபவமுள்ள மெக்கானிக்கும் இப்படி முறிந்த முகத்தைப் பார்த்துத்தான் காரணம் சொல்வார். முகத்தின் ஒரு பகுதி வழவழவென்று, அலை ஒதுங்கிய மணலில் தெரியும் கோடுகளோடு இருந்தால் அது நாள்பட்ட விரிசல். முழுக்கச் சொரசொரப்பாக இருந்தால் ஒரே அடியில் போனது.

சரி, ஒரே ஷாஃப்டுக்கு எதற்கு இரண்டு வேலை? சுமக்கும் வேலையை மாட்டு வண்டி அச்சுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால்?

அதைத்தான் லாரியில் செய்திருக்கிறார்கள். ஹவுசிங்கின் ஓரத்தில் ஸ்பிண்டில் என்று ஒரு கனத்த குழல் நீட்டிக்கொண்டிருக்கும். இது சுழலாது. இதுதான் மாட்டு வண்டியின் அச்சு. இதன் மேல் இரண்டு பேரிங், அவற்றின் மேல் ஹப். இதுதான் குடம். பேரிங்கை வெளியே வராமல் பிடித்துக்கொள்ள ஒரு பெரிய நட். இதுதான் கடையாணி. வண்டி மைக்குப் பதில் கிரீஸ். இதுவரைக்கும் வத்திராயிருப்பு வண்டிதான். ஒரே ஒரு புதுமை, அச்சின் நடுவில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஆக்சில் ஷாஃப்ட் வெளியே வருகிறது. வெளிநுனியில் தட்டு, தட்டை ஹப்போடு போல்ட் போட்டு முடுக்கிவிட்டால் ஷாஃப்ட் சுழலும்போது ஹப்பும் சுழலும்.

எடை எந்த வழியில் போகிறது என்று இப்போது விரல் வைத்துப் பாருங்கள். ஹவுசிங், ஸ்பிண்டில், பேரிங், ஹப், சக்கரம், தரை. ஷாஃப்ட் இந்த வரிசையிலேயே இல்லை. அது முறுக்குவதோடு சரி. உருவி எடுத்தாலும் லாரி நிற்பது அதனால்தான். இந்த வகைக்குத்தான் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில் என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் முக்கால் ஃப்ளோட்டிங் என்று ஒன்றும் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் வரும், சாலையில் இப்போது அதிகம் வராது.

ஹப்புக்குள் இருக்கும் இரண்டு பேரிங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் உருண்டைக் குண்டுகள் இருக்காது. ஒரு பக்கம் குறுகிய சின்னச் சின்ன உருளைகள் சாய்வாக அடுக்கியிருக்கும். ஒரு பேரிங் இந்தப் பக்கம் சாய்ந்தால் மற்றது அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் மேலிருந்து வரும் எடையையும் தாங்கும், வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் வரும் தள்ளலையும் தாங்கும். 1898-இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி டிம்கன். அவருடைய தொழில் என்ன என்று நினைக்கிறீர்கள்? குதிரை வண்டி செய்வது. வண்டிக்காரர் கண்டுபிடித்ததைத்தான் இன்றைக்கும் லாரிகள் மாட்டிக்கொண்டு ஓடுகின்றன.

இனி காயலாங்கடை.

போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் பின் ஆக்சிலும் ஃபுல் ஃப்ளோட்டிங்தான். போர் முடிந்து பொதுமக்களுக்கென்று வந்த ஜீப்புகளில் சீக்கிரமே அது செமி ஃப்ளோட்டிங் ஆகிவிட்டது. மகிந்திரா நிறுவனம் 1940-களின் கடைசியில் மும்பையில் ஜீப்புகளை இணைக்கத் தொடங்கி, பிறகு இங்கேயே தயாரித்து, இந்தியா முழுக்கப் பரப்பியது. அந்தப் பழைய ஜீப்புகளின் பின் ஆக்சிலை ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்க வேண்டுமென்றால் ஸ்பிண்டிலும் ஹப்பும் எங்கே கிடைக்கும்? அங்கேதான் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. அவை அதே ஜீப்பின் முன் பக்கத்திலேயே இருக்கின்றன!

யோசித்துப் பாருங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் முன் சக்கரம் இடமும் வலமும் திரும்ப வேண்டும், திரும்பிக்கொண்டே இழுக்கவும் வேண்டும். அதனால் முன் ஷாஃப்டில், சக்கரத்துக்குப் பக்கத்தில், முழங்கைபோல் மடங்கும் ஒரு மூட்டு இருக்கும். மூட்டு உள்ள தண்டு எடையைச் சுமக்குமா? மடங்கிவிடுமே. ஆகையால் முன் பக்கத்தில் வேறு வழியே இல்லை. ஸ்பிண்டில், இரண்டு பேரிங், ஹப் என்று சுமக்கும் ஏற்பாட்டைத் தனியாகச் செய்தே தீர வேண்டும். முன் ஆக்சில் என்றாலே ஃபுல் ஃப்ளோட்டிங். காயலாங்கடையில் கிடக்கும் ஒரு முன் ஆக்சிலிலிருந்து இடது ஸ்பிண்டில் ஒன்று, வலது ஸ்பிண்டில் ஒன்று, ஹப் இரண்டு எடுத்தால் பின் ஆக்சிலுக்குத் தேவையான பாதிச் சாமான் வந்துவிட்டது.

மீதிப் பாதிதான் கஷ்டம். பின் ஹவுசிங்கின் இரண்டு ஓரங்களையும் அறுத்து, ஸ்பிண்டிலைப் பொருத்துவதற்கு லேத்தில் கடைந்த வளையத்தை வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். நூற்பாலைகள் இருக்கும் ராஜபாளையம் போன்ற ஊரில் லேத் பட்டறைக்கு அலைய வேண்டியதில்லை. கஷ்டம் வெல்டிங்கில் இருக்கிறது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கும். பத்து சென்டிமீட்டர் நீள ஸ்பிண்டில் ஒரே ஒரு மில்லிமீட்டர் சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது சென்டிமீட்டர் உயரச் சக்கரத்தில் அது ஏழு மில்லிமீட்டர் சாய்வு. டயர் ஒரு பக்கமாகத் தேயும், ஷாஃப்ட் ஸ்பிண்டில் துளைக்குள் நேராக ஓடாது. ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்கியும் ஷாஃப்டை வளைக்கிற வேலை மறுபடி தொடங்கிவிடும். அப்படியென்றால் இத்தனை பாடு எதற்கு?

அதனால் விவரம் தெரிந்தவர்கள் வெல்டிங் அடிப்பதற்கு முன்னால் ஹவுசிங்கின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராகக் கடைந்த ஒரு நீளக் கம்பியை உள்ளே விட்டுவிடுவார்கள். அது எந்த இடத்திலும் உரசாமல் கையால் திருப்பினால் திரும்ப வேண்டும். மேலே கொஞ்சம் பற்றவைப்பு, எதிர்ப்பக்கம் கீழே கொஞ்சம், அப்புறம் ஆறவிடுவது, கம்பியைத் திருப்பிப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம். அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது.

ஷாஃப்டைப் பழசாகவே எடுக்கலாமா? எடுக்கலாம், பார்த்து எடுக்க வேண்டும். ஷாஃப்டின் உள்நுனியில் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும், ஸ்ப்ளைன் என்பார்கள். டிஃபரன்ஷியலில் இருக்கும் கியருக்குள் அது போய் உட்காரும். முதலில் பல்லை எண்ண வேண்டும். பழைய ஜீப் ஷாஃப்டுகளில் 10 பல் உண்டு, 19 பல் உண்டு, 30 பல்லும் உண்டு. ஒன்றுக்கு வெட்டிய கியரில் மற்றது போகாது. எண்ணிய பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பற்கள் ஓடும் வரிசையைப் பார்க்க வேண்டும். கோடு நேராக ஓடினால் நல்லது. லேசாகச் சரிந்து திரும்பியிருந்தால், அந்த ஷாஃப்ட் ஏற்கெனவே எங்கோ பாறையில் முறுக்கு வாங்கி, பழைய நிலைக்குத் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. விலை எவ்வளவு குறைத்தாலும் அது வேண்டாம்.

நீளம் பொருந்தாவிட்டால் புதிதாகக் கடைய வேண்டியதுதான். லேத் பட்டறையில் என் 24 என்று ஒரு உருக்கைச் சொல்வார்கள். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்தது. இங்கே ஒரு கணக்கு வேடிக்கையானது. ஒரு தண்டின் முறுக்குத் தாங்கும் பலம் அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும். 30 மில்லிமீட்டர் ஷாஃப்டை 33 ஆக்கினால் தடிமன் கூடியது பத்தில் ஒரு பங்கு. பலம் கூடியதோ மூன்றில் ஒரு பங்கு. 1.1-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். டிராக்டரைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். பெரும்பாலான டிராக்டர்களின் பின் சக்கரம் ஷாஃப்டின் நுனியில்தான் மாட்டியிருக்கும், ஷாஃப்ட்தான் சுமக்கும், ஆனாலும் வயலில் வருடக்கணக்கில் உழைக்கிறது. ஷாஃப்டின் தடிமனைப் பார்த்தால் காரணம் தெரியும். சக்கரம் பெரியது, வேகம் குறைவு, சுற்றும் குறைவு. எடையைப் பற்றிக் கவலைப்படாவிட்டால் இப்படியும் ஒரு வழி உண்டு.

கடைசியாக ஹப்பைப் பூட்டுவது. எனக்கு இந்தக் கட்டம்தான் பிடிக்கும், ஏனென்றால் இதில் அளவுகோலுக்கு வேலை குறைவு, கைக்கு வேலை அதிகம். பட்டறையில் ஒரு பையன் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி, நட்டை நல்லா முடுக்கிட்டா கழலாதுல்ல?”

“கழலாது. சக்கரமும் சுத்தாது. முடுக்கும்போதே ஹப்பை ஒரு கையால சுத்திக்கிட்டே இரு. உருளையெல்லாம் எடத்துல போய் உக்காரணும். உக்காந்ததும் கொஞ்சம் தளர்த்து.”

“எவ்வளவு கொஞ்சம்?”

“ஹப்பை மேலயும் கீழயும் ஆட்டிப் பாரு. லொடக்குன்னு ஆடக்கூடாது. கையால சுத்துனா லேசாச் சுத்தணும். அம்புட்டுதான். அப்புறம் ரெண்டாவது நட்டைப் போட்டு, லாக் வாஷரோட காதை மடக்கி விட்டுரு.”

சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து ஹப்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார்கள். இளஞ்சூடு பரவாயில்லை. சுட்டால் நட் இறுக்கம், மறுபடி கழற்ற வேண்டும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்பிண்டிலின் நடுவில் ஓட்டை இருக்கிறதல்லவா, டிஃபரன்ஷியல் எண்ணெய் அந்த வழியாக ஹப்புக்கு வரும். நல்ல ஆயில் சீல் போடாவிட்டால் அது கிரீஸைக் கழுவிக்கொண்டு பிரேக் டிரம்முக்குள் இறங்கிவிடும். எண்ணெய் குடித்த பிரேக் பிடிக்காது.

இத்தனை நல்ல ஏற்பாட்டை ஏன் எல்லாக் காரிலும் வைக்கவில்லை? கனம், விலை, இரண்டு மடங்கு பேரிங், வெளியே துருத்தும் ஹப். நான்கு பேரோடு தார்ச் சாலையில் போகும் வண்டிக்கு இது வீண். வோலர் காட்டிய வழியில் கணக்குப் போட்டு, சோர்வு எட்டாத அளவுக்கு ஷாஃப்டைத் தடிமனாகச் செய்துவிட்டால் செமி ஃப்ளோட்டிங்கே நன்றாக உழைக்கும். பஸ், லாரி, பெரிய ராணுவ வண்டிகள், கரடுமுரடான பாதைக்கென்று கட்டிய பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற சிலவற்றில்தான் ஃபுல் ஃப்ளோட்டிங் அவசியம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸின் பின் சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் ஹப் பிதுங்கி, அதன் முகத்தில் வட்டமாகப் போல்ட்டுகள் தெரியும். பக்கத்தில் நிற்கும் காரின் சக்கரத்தில் அப்படி எதுவும் தெரியாது.

பாறையில் ஓட்டுகிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபம். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது, அது ஸ்பிண்டிலில் பத்திரமாக இருக்கும். பூட்டாத டிஃபரன்ஷியலில் விசை எதிர்ப்பில்லாத பக்கமே போகும் என்பதால் பின் ஆக்சில் தள்ளாது. ஆனால் முன் ஆக்சிலைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம். கோவாவில் 2014-இல் மழைக்காலத்தில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் இது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் விஷயம். ஊர்ச் சாலையில் ஓடும் ஜீப்பில் இதைச் செய்துகொள்ள நினைப்பவருக்குச் சட்டம் குறுக்கே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரித்த நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. மேற்கே தெரியும் மலையிலும் ஓட்ட முடியாது. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். ஆக இது தனி இடத்தில், போட்டிக்கென்று கட்டும் வண்டிக்கான வேலை.

நீங்கள் ஒரு சின்ன மாதிரி கட்டலாம், அதற்குச் சட்டம் எதுவும் தடையில்லை. ஒரு சாண் நீளப் பிவிசி குழாய் ஹவுசிங். அதன் மேல் தளர்வாகச் சுற்றும் அளவுக்குப் பெரிய குழாயில் இரண்டு விரற்கடை நீளம் வெட்டி, அட்டைச் சக்கரத்தின் நடுவில் ஒட்டுங்கள், அது ஹப். குழாய்க்குள் ஒரு குச்சியை விட்டு, அதன் நுனியில் ஒரு சிறிய அட்டைத் தட்டை ஒட்டி, அந்தத் தட்டை ஹப்பின் முகத்தில் குண்டூசியால் குத்துங்கள். குச்சியின் மறுமுனையைத் திருப்பினால் சக்கரம் சுழலும். குண்டூசியை எடுத்துவிட்டுக் குச்சியை உருவுங்கள். சக்கரம் குழாயின் மேலேயே இருக்கும்.

இதை நிஜ ஜீப்பில் செய்கிறவர்கள் மட்டும் ஒன்றை மறக்கக்கூடாது. பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தில் கிடையாது. விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் அது பிடிக்கும். அங்கே பிடித்த பிடி ஆக்சில் ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்துக்கு வர வேண்டும். ஷாஃப்டை உருவிவிட்டால் கைப்பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் பின் சக்கரம் பிடிபடாது. சரிவில் நிற்கும் வண்டியென்றால் போல்ட்டில் ஸ்பேனரை வைப்பதற்கு முன்னாலேயே சக்கரத்துக்கு அண்டக் கல் கொடுத்துவிடுவார்கள்.